இருபத்துநான்கு பொட்டுகள்

மச்சான்,

இந்த ஐப்பசி மழைக்கு எங்கள் மியூசியத்தின் மேற்குச் சுவர் நன்றாகவே ஊறிவிட்டது. ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று மூன்று வருஷமாக எழுதிக் கொடுக்கிறேன். காகிதம் மேலே போகிறது, தண்ணீர் கீழே வருகிறது. நேற்றுக் காலை கதவைத் திறந்ததும் பழைய மைதாப் பசையின் புளித்த வாடை அடித்தது. அந்தச் சுவரில் மாட்டியிருந்த உங்கள் செங்காந்தள் படத்தின் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. பதறிப்போய் இறக்கி, பின்பக்க ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தேன். தாள் ஒட்டியிருந்த அட்டை ஈரத்தில் உப்பிப் பாதி தானாகவே பிரிந்திருந்தது. மீதியை நான் மெதுவாகப் பிரித்தேன்.

பிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் மத்தியான மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்கு அது தெரிந்த விஷயம்தான்; எனக்குத்தான் பத்து வருஷமாகத் தெரியாது. நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. எதையும் ஒரு நாள் தள்ளிச் சொல்வதுதான் என் புத்தி என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. சேலத்தில் இந்தக் கல்லூரியின் தாவரவியல் மியூசியத்துக்குப் பொறுப்பாளனாக நான் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு மேஜையும் ஒரு சாவிக்கொத்தும்தான் என் அதிகாரம். அப்போது துறைத்தலைவராக இருந்த பேராசிரியர், ஜேடர்பாளையத்துப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் பழைய படத்தொகுதி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்துவந்தார். கம்பெனி காலத்தில் அரசாங்கம் வைத்திருந்த ஒரு செடித் தோட்டத்துக்காக நம்மவர்கள் வரைந்த படங்கள். தோட்டத்தை மூடியபோது ஏலத்தில் போன சாமான்களோடு அந்த வீட்டு முன்னோர் ஒருவர் வாங்கி வந்தாராம். மொத்தம் இருபத்துநான்கு தாள். தாளுக்கு ஒரு செடி, வேரிலிருந்து விதைவரை. வரைந்தவர் பெயர் ஒன்றிலும் இல்லை. விற்கவும் மாட்டேன், தானம் கொடுக்கவும் மாட்டேன் என்றார் பண்ணைக்காரர். தை பிறக்கும்வரை வைத்துக்கொண்டு, பார்த்துக் கையால் வரைந்துகொண்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள் என்று பேராசிரியரின் முகத்துக்காகக் கொடுத்தனுப்பினார்.

வரைய ஆள் தேடியபோது நான்தான் வாயைத் திறந்தேன். என் மனைவியின் அண்ணன் திருச்செங்கோட்டில் லாரிகளுக்குப் படம் போடுகிறார் என்றேன். லாரிக்குப் பின்னால் கிளியும் தாமரையும் போடுகிறவரா என்று பேராசிரியர் சிரித்தார். ஆனாலும் வரச் சொன்னார். நகக்கண்ணில் பெயின்ட் போகாத விரல்களும் சலவைச் சட்டையுமாக நீங்கள் வந்து நின்றீர்கள். அவர் ஒரு தாளை நீட்டி, ஜாடியிலிருந்த ஆவாரங்கொத்தைக் காட்டினார். நீங்கள் பென்சிலைத் தொடவே இல்லை. தூரிகையால் தண்டை ஒரே இழுப்பில் இழுத்தீர்கள். லாரியின் பக்கவாட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கை நடுங்காமல் கோடு போடுகிறவருக்கு அது ஒரு பொருட்டா? அரைமணியில் பூவும் காயும் இலையும் வந்துவிட்டன. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை, ஏதோ நானே வரைந்தது மாதிரி இருந்தது.

அவர் இரண்டு விதி சொன்னார். தொகுதி மியூசியத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மூலத்தில் இருப்பதில் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டாவது விதியோடு நீங்கள் முதல் நாளே மோதினீர்கள். புங்கன் படத்தில் ஓர் இலையைப் புழு அரித்திருந்தது. அந்தப் பழைய ஓவியர் ஓட்டையையும் விடாமல் வரைந்திருந்தார். ஓட்டை இலையைப் போய் யாராவது போடுவார்களா, நல்ல இலையாகப் போட்டுவிடுகிறேன் என்றீர்கள். அவர் பொறுமையாகச் சொன்னார்: அவன் தன் எதிரே என்ன இருந்ததோ அதைப் போட்டான், அதனால்தான் நூறு வருஷம் கழித்தும் அவனை நம்புகிறோம். நீங்கள் கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இருக்கறத இருக்கற மாதிரி போடோணுமுங்க, அவ்வளவுதானுங்களே" என்று உட்கார்ந்துவிட்டீர்கள்.

வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்கி வேலை செய்தீர்கள். புதுத் தாள் பழைய தாளைப் போலத் தெரிய வேண்டும் என்று தேயிலை டிக்காஷனில் நனைத்துத் துணிக்கொடியில் காயப்போட்டீர்கள். வீடா டீக்கடையா என்று உங்கள் தங்கை சடைத்துக்கொள்வாள். அப்போது எங்கள் மகளுக்கு ஆறு மாதம். காலையில் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக் கன்னத்திலும் உள்ளங்காலிலும் மைப்பொட்டு வைத்து முடித்ததும், அந்த மைச் சிமிழை நீங்கள் கேட்டு வாங்குவீர்கள். கொஞ்சம் வழித்து ஒரு மூடியில் போட்டுக் கல்லூரிக்கு எடுத்துப்போவீர்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கறுப்புச் சாயத்துக்கு ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வரைந்து முடித்த தாளை அட்டையில் ஒட்டுவதற்கு மட்டும் யாரையும் பக்கத்தில் விடவில்லை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீங்களே ஒட்டினீர்கள். ஒருமுறை நான் உதவிக்கு வந்தபோது, இது என் வேலைங்க, நீங்க போய்ச் சாவியப் பாருங்க என்று விரட்டினீர்கள். தொழில்காரர்களுக்கு ஆயிரம் ரகசியம் இருக்கும், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

மார்கழிக் கடைசியில் இருபத்துநான்கும் முடிந்தன. பேராசிரியர் வரிசையாகப் பரப்பிவைத்து, லென்ஸைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் படத்தின் இடது கீழ்மூலையில், வெறும் தாளில், கடுகளவு கறுப்புப் புள்ளி. இரண்டாவதிலும். மூன்றாவதிலும். அவர் முகம் மாறிவிட்டது. செடிப் படத்தில் புள்ளி என்றால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும், நாளைக்கு ஒரு மாணவன் இதை விதை என்பான், இன்னொருவன் பூஞ்சைக்காளான் என்பான் என்று கத்தினார். நீங்கள் அமைதியாகச் சொன்னீர்கள், அது திருஷ்டிப் பொட்டு என்று. முழுசாக நன்றாக வந்துவிட்ட எதையும் பொட்டு இல்லாமல் கையை விட்டு அனுப்ப மாட்டேன் என்றீர்கள். அவர் எடுக்கச் சொன்னார். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். அவர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

அன்று மாலை நடந்து வரும்போதுதான் தொப்பூர் விஷயத்தை எனக்குச் சொன்னீர்கள். முதலாளியின் அவசரத்துக்காக ஒரே ஒரு லாரியைப் பொட்டு வைக்காமல் விட்டீர்கள். அது மூன்றாம் நாளே தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்து, உங்களோடு படித்த டிரைவருக்கு ஒரு கால் போனது. பொட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் கேட்க வாய் வரவில்லை.

நீங்கள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிய பிறகு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். படங்களுக்குக் கண்ணாடி போடுவதற்குள் பொட்டுகள் போயிருக்க வேண்டும் என்றார். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவருடைய மேஜைமேல்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நானாகவே பார்த்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பகலில் சவர பிளேடை எடுத்துக்கொண்டு போய் இருபத்துநான்கு பொட்டையும் சுரண்டினேன். கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, தேயிலைத் தண்ணீர் தொட்டு நிறத்தைச் சமன்செய்தேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சான் எங்கே வந்து பார்க்கப்போகிறார், கண்ணாடி போட்டு ஆளுயரத்துக்கு மேலே மாட்டப்போகிற படம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தொகுதி பொங்கலுக்கு முன்பே பண்ணைக்காரர் வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்பிப் போனது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சித்திரையில் இடி விழுந்தது. பம்பாயில் வேலை பார்த்த பண்ணைக்காரரின் மருமகன் விடுமுறைக்கு வந்தவர், கல்லூரியில் படங்களைப் பார்க்க வந்தார். ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு உங்கள் தாள்கள் இன்னும் பழுத்திருந்தன. அவர் வீட்டுக்குப் போய்த் தொகுதியைத் திறந்தார். நூறு வருஷம் வெளிச்சம் படாமல் மூடியே கிடந்ததால் அந்த வர்ணங்கள் நேற்றுப் போட்டவை மாதிரிப் பளிச்சென்று இருந்தன. அவர் கணக்கு நேர்க்கணக்கு: பழுப்பாக இருப்பது பழசு, பளிச்சென்று இருப்பது புதுசு. மூலத்தைக் கல்லூரியில் வைத்துக்கொண்டு பிரதியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள், எல்லாம் அந்த லாரி பெயின்டரின் வேலை என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சரியாக அந்த மாதம் பார்த்து நீங்கள் உங்கள் பெயின்ட் ஷெட்டுக்குப் புதுக் கம்ப்ரசர் வாங்கியிருந்தீர்கள். வெள்ளைக்காரனுக்கு ஒன்றிரண்டு படத்தை ஏற்கெனவே விற்றாயிற்று என்று ஊருக்குள் பேச்சுக் கிளம்ப அது போதாதா?

உண்மையைச் சொல்லக்கூடிய பேராசிரியர் அதற்குள் ஆராய்ச்சிக்கு வெளிநாடு போயிருந்தார். துறையிலிருந்த மற்றவர்கள், எங்களுக்குச் செடி தெரியும், சித்திரம் தெரியாது என்று கழன்றுகொண்டார்கள். மூலத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று நான் தலையால் அடித்துச் சொன்னேன். மச்சானுக்காக மாப்பிள்ளை பேசாமல் வேறு யார் பேசுவார் என்று சிரித்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் உங்கள் ஷெட்டுக்கு வந்தபோது நீங்கள் ஒரு டேங்கர் லாரிக்கு வால்பக்கம் மயில் போட்டுக்கொண்டிருந்தீர்களாம். கீழே இறங்காமலே பதில் சொன்னீர்களாம். அதை அவர் எங்கள் மியூசியத்துக்கு வந்து, நீங்கள் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினார்: "என் படம்னா எடது மூலைல கடுகாட்டம் பொட்டு இருக்குமுங்க. போய்ப் பாருங்க." அவர் நியாயமான மனிதர்தான். பொட்டு இருந்தால் இது பிரதி, விஷயம் இத்தோடு முடிந்தது என்றார். ஏணியை வைத்து நானே படங்களை இறக்கிக் கொடுத்தேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றிலும் பொட்டு இல்லை.

ஒரு வாக்கியம் போதும். நான்தான் சுரண்டினேன் என்று ஒரு வாக்கியம். பேராசிரியர் எழுத்தில் உத்தரவு எதுவும் கொடுக்கவில்லை. கல்லூரிச் சொத்தில் பிளேடு வைத்தவன் நான். நிரந்தர உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை. அதையெல்லாம்விட, உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றேன். சப்-இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டு, நாளை காலை இந்தப் படங்களையெல்லாம் பண்ணைக்காரர் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், பெயின்டரையும் வரச் சொல்கிறேன், அங்கே தீரவில்லையென்றால் கேஸ்தான், ஷெட்டையும் பூட்ட வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் உங்கள் தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பொட்டு வைக்காமல் அண்ணன் ஒரு படத்தையும் விடாது, வைத்த பொட்டு எங்கே போனது என்று கேட்டாள். வெயிலில் மங்கியிருக்கலாம் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கல்லூரி வேனில் படங்களை ஏற்றிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த வீட்டு வாசலில் இறங்கியதும் அதை விட்டுவிட்டுப் படங்களை இறக்குவதில் மும்முரமாகிவிட்டேன். வீட்டின் ஆசாரத்தில், நடுக்கூடத்தில், பண்ணைக்காரப் பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்து மேஜையில் வெள்ளைத் துணி விரித்துத் தொகுதியை வைத்திருந்தார்கள். மருமகன் நின்றுகொண்டிருந்தார். உங்கள் படங்களைக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் இரண்டு வரிசையாகச் சாய்த்துவைத்தேன். ஒரு போலீஸ்காரரோடு நீங்கள் வந்தீர்கள். சலவைச் சட்டை இல்லை. ஷெட்டில் போடும் சட்டையோடே வந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எப்போதும் போல, வாங்க மாப்ள என்றீர்கள். யாரோ ஒருவர் வீட்டில், போலீசோடு வந்து நின்றுகொண்டு, என்னை வரவேற்றீர்கள்.

அப்புறம் முதல் படத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தீர்கள். விரல் நேராக இடது மூலைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த படம். அடுத்தது. நான்காவது படத்தில் உங்கள் விரல் நுனி அந்த இடத்தில் நின்று மெதுவாக வட்டம் போட்டது. பெயின்ட்டுக்கு அடியில் ஒரு மணல் கிடந்தால்கூடக் கண்டுபிடிக்கிற விரல் அது. சுரண்டிய தாளின் சொரசொரப்பு அதற்குத் தெரியாமல் போகுமா? நீங்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். ஒரே ஒரு முறைதான் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பொட்டு எங்கே என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வெச்சனுங்க. இப்ப இல்லீங்க. எப்புடிப் போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

வேறு ஏதாவது அடையாளம் உண்டா, இருந்தால் இப்போதே சொல்லு, பிறகு சொன்னால் செல்லாது என்றார் அவர். எதிரே செங்காந்தள் படம் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வேற ஒண்ணும் இல்லீங்க."

மருமகன் கையை விரித்தார். போலீஸ்காரர் எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா தாளில் கிறீச்சிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குத் தைரியம் வந்ததா, பயம் முற்றிப்போனதா என்று இன்றுவரை தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

"நாந்தானுங்க சொரண்டுனன். பிளேடு வெச்சு நாந்தான் சொரண்டுனன். மச்சானுக்குத் தெரியாது."

தண்ணீர் கேட்டேன். சொம்பில் கொண்டுவந்தார்கள். விரலை நனைத்து, முதல் படத்தின் மூலையில் அந்த இடத்தைத் தொட்டேன். நல்ல தாளில் தண்ணீர் முத்தாக நிற்கும். மேல்பூச்சுப் போன தாள் உடனே உறிஞ்சிக்கொள்ளும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் மட்டும் கறுத்து, கடுகளவாகத் திரண்டு நின்றது. சுரண்டிய பொட்டு இருந்த இடத்திலேயே திரும்பி வந்த மாதிரி இருந்தது. இரண்டாவது படத்திலும் வந்தது. பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, தன் விரலையே நனைத்து ஐந்தாவதைத் தொட்டார். ஆறாவதையும் தொட்டார். மீதியையும் ஒன்றுவிடாமல் தொட்டு முடித்தார். தொகுதியிலும் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிடலாமே என்று மருமகன் மேஜைப் பக்கம் நகர்ந்தார். அதில் ஈரக்கையை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றார் பெரியவர். அத்தோடு விசாரணை முடிந்தது. நம் எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார்.

திருச்செங்கோட்டுப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள். படங்கள் வேனில் போய்விட்டன. நான்தான் உங்களோடு வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மலை கண்ணில் பட்ட பிறகுதான் வாயைத் திறந்தீர்கள்.

"சொரண்டுனது பரவால்லீங்க மாப்ள. நேத்தே சொல்லியிருக்கலாம். எங்கம்மா ரா முழுக்கச் சோறு திங்காம ஒக்காந்திருந்துச்சு."

நான் சொல்லாமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அதான் சொல்லீட்டீங்கல்ல, உடுங்க என்றீர்கள். அதற்குப் பிறகு சாகிறவரை அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை.

நான் எடுத்தேன். அதைத்தான் இப்போது நினைக்க நினைக்கக் கூசுகிறது. கல்லூரியில் எனக்கு மெமோ கொடுத்தார்கள், நிரந்தர உத்தரவு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அந்தத் தழும்பைக் காட்டிக்காட்டியே நான் பெரிய மனுஷனாகிவிட்டேன். சீர், காதுகுத்து, கெடாவெட்டு எது நடந்தாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது யாராவது கேட்பார்கள். நானும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பேன். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்து எழுந்தேன், அன்றைக்கு நான் மட்டும் வாயைத் திறக்காவிட்டால் மச்சான் உள்ளே போயிருப்பார் என்று முடிப்பேன். விரலை நனைக்கும் இடத்தில் சொம்பெல்லாம் வைத்து நடித்துக் காட்டியிருக்கிறேன். நீங்கள் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். பாக்கை மென்றுகொண்டு, ஆமாங்க, மாப்ளதான் காப்பாத்துனாங்க என்பீர்கள். போன தைக்கு முந்தின தையில்கூட அப்படித்தான் சொன்னீர்கள்.

நேற்று அட்டையைப் பிரித்துத் தாளைத் திருப்பினேன், மச்சான். பின்பக்கம், செங்காந்தள் கிழங்கு வரைந்திருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், கடுகளவு ஒரு மைப்பொட்டு. பத்து வருஷம் பசைக்கு அடியில் இருந்தும் அழியவில்லை. மற்ற இருபத்துமூன்றையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

வீட்டுக்கு எடுத்துப்போய் உங்கள் தங்கையிடம் காட்டினேன். அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பார்த்தாள். உங்கள் காரியம் முடிந்த நாளுக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

"கன்னத்துல வெச்சா உள்ளங்கால்லயும் வெக்கோணுமில்லீங்க. பாப்பாவுக்கு நான் வெக்கறதப் பாத்துட்டேதானே தெனமும் சிமிழ வாங்கீட்டுப் போச்சு அண்ணன்."

தினமும் நானும்தான் பார்த்தேன். எனக்குத் தோன்றவே இல்லை.

அட்டையைப் பிரிச்சுப் பாருங்க என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வெளியே வந்திருப்பீர்கள். பின்னால் பொட்டு இருக்கிறதே, முன்னால் இருந்ததை எடுத்தது யார் என்பது அவர்களுடைய அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். சாவி ஒருவனிடம்தான் இருந்தது. செங்காந்தளைப் பார்த்துக்கொண்டு நீங்கள் குத்தவைத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் இதையெல்லாம் யோசித்து முடித்திருக்கிறீர்கள். உங்கள் ஷெட்டையும் பெயரையும் அந்த ஆசாரத்தில் தரையில் வைத்துவிட்டு, நானாக எழுந்து சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறீர்கள். நான் எழுந்திருக்காமல் போயிருந்தால் அப்போதாவது சொல்லியிருப்பீர்களா? இனி யாரிடம் கேட்பேன்?

அடுத்த மாதம் உங்கள் வருஷ திதி. சாப்பிட்டு முடிந்ததும் யாராவது அந்தக் கதையைக் கேட்பார்கள், எனக்குத் தெரியும். செங்காந்தளைக் கொண்டுவருகிறேன். திருப்பிக் காட்டிவிட்டு, இந்தத் தடவை நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன். பிறகு மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி அட்டையில் ஒட்டிவிடுகிறேன். பின்னால் இருப்பது பின்னாலேயே இருக்கட்டும். முன்மூலையில் நான் காலியாக்கிய இடத்துக்கு உங்கள் தங்கை மை கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். வைக்க எனக்குக் கை வருமா என்று தெரியவில்லை.

இருப்பதை இருக்கிற மாதிரியே சொல்லிக்கொண்டு, போட்டுக்கொண்டு இருந்த மனுஷர் நீங்கள். நான் அறிந்து நீங்கள் சொன்ன பொய்கள் இரண்டுதான். இரண்டையும் அந்த ஆசாரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, எனக்காகச் சொன்னீர்கள்.

உங்கள்
மாப்பிள்ளை